தாசில்தாரம்மாவுக்கு ஓர் இடம்

ஓய்,

இன்று காலை மார்க்கெட் பக்கம் போனேன். வீட்டுக்காரி வெங்காயம் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மாட்டுத்தீவனக் கடையைத் தாண்டும்போது, மில்லிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய தவிட்டு மூட்டையின் வாயை ஒருவர் பிரித்துக்கொண்டிருந்தார். சூடு ஆறாத தவிட்டுக்கு ஓர் இனிப்பு வாடை உண்டல்லவா, அது வந்து மூக்கில் ஏறியது. கால் அங்கேயே நின்றுவிட்டது. கடைக்காரர், "என்ன பாய், எவ்வளவு போடட்டும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வெங்காயத்தை மறந்துபோனேன். வீட்டில் அதற்கு ஒரு கச்சேரி நடந்தது, அது கிடக்கட்டும்.

நீர் போன ஐப்பசியில் போனீர். இப்போது ஆடிக்காற்று அடிக்கிறது. இத்தனை நாளும் உமக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நினைக்கும்போதே அலுப்பு வந்துவிடும். நான் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் புகார். உண்மைதான். உம்முடைய நாய்கள் என்னைச் சக்கையாகப் பிழிந்து போட்டுவிட்டன. அதை உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நாயைக் கொடுத்துத் தவிடு வாங்குகிற யோசனை உம்முடையது. உமக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை. நீர் பிறந்ததும் உம்மைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டை அளந்து போட்டு உங்கள் அம்மா திரும்ப வாங்கினாளாம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் ஒரு பொருட்டாக மதிக்கமாட்டான், விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எங்கள் தெருவிலும்கூட அடம்பிடிக்கிற பிள்ளைகளை, "உன்னத் தவிட்டுக்குல்லா வாங்கினோம்" என்று சொல்லி அழவைப்பார்கள். நீர் அதற்கு அழுகிற ஆளில்லை. அலுவலகத்தில் யாராவது உம்மை மட்டம் தட்டினால், "நான் தவிட்டுக்கு வாங்கின ஆளுவே, என்ன அவ்வளவு லேசுல தூக்கிப் போட முடியாது" என்பீர்.

பாளையங்கோட்டையில் அந்தத் தாலுகா அலுவலகத்தில் நீரும் நானும் எதிரெதிர் மேசை. வாழ்நாளில் பாதியை உம்முடைய முகத்தைப் பார்த்தே கழித்தேன். ஓய்வு பெற்றதும் மனிதன் நிம்மதியாகப் படுத்துக் கிடப்பான் என்று பார்த்தால், கங்கைகொண்டான் போகிற வழியில் உம்முடைய வீட்டம்மாவுக்கு வந்த தரிசு நிலத்தில் கம்பி வேலி போட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, நாய்கள் காப்பகம் என்று பலகை மாட்டினீர். பெயிண்டர் அதில் வரைந்த நாய் ஆடு மாதிரி இருந்தது. ஆடு வாங்க வந்து ஏமாந்தவர்களும் உண்டு. ரோட்டில் அடிபட்டது, ஊர் மாற்றிப் போகிறவர்கள் அவிழ்த்து விட்டது, தெருவில் சொறிபிடித்துத் திரிந்தது எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தீர். எல்லாவற்றுக்கும் அலுவலகப் பதவிகளைப் பெயராக வைத்தீர். தலையாரி, சர்வேயர், ஆர்.ஐ., டபேதார். "இத்தன வருசம் அவங்க கூப்பிட்டாங்க, நான் ஓடினேன். இப்ப நான் கூப்பிடுதேன், அவங்க வரட்டும்வே" என்றீர்.

நாயைக் குணப்படுத்துவது உம்முடைய வேலை. அதற்கு ஒரு வீடு பார்ப்பது என் தலையில் விழுந்தது. எனக்கு வாய் நீளம் என்று சொல்லித்தானே அந்த வேலையைக் கொடுத்தீர்? கொடுப்பதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தீர். நாயைக் கேட்டு வருகிறவர் ஒரு படி தவிடு கொண்டுவர வேண்டும். அதை அவர் கண் முன்னாலேயே தொட்டியில் கரைத்து, பக்கத்து வயல்காரரின் எருமைக்கு வைப்பீர். எருமை சொர்ரென்று உறிஞ்சி முடித்துத் தொட்டியை நக்குகிறவரை எல்லோரும் நின்று பார்க்க வேண்டும். "முடிஞ்சுது. இனி இது உங்க பிள்ள" என்று சொல்லிச் சங்கிலியைக் கையில் கொடுப்பீர்.

எனக்கு அது கோமாளித்தனமாகப் பட்டது. "நாய எடுக்க ஆளு வாரதே பெரிய பாடு. இதுல தவிடு வேறயா ஓய்?" என்று கத்தினேன்.

"சும்மா கொடுத்தா சும்மா விட்டுட்டுப் போயிருவான்வே. நீரு பேசாம இரும்" என்றீர்.

அந்தத் தவிட்டின் அருமை கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் வேலைபார்க்கிற அந்த சூப்பர்வைசர் வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஞாபகம் இருக்கிறதா? சர்வேயரை எடுத்துக்கொண்டு போனவர். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினார். பெண்டாட்டி, மாமியார், பின்சீட்டில் சர்வேயர். வேறு வீடு மாறுகிறார்களாம், புது வீட்டுக்காரர் நாய் கூடாதென்கிறாராம், அதனால் திருப்பி விட்டுவிட்டுப் போக வந்தேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் நான் வாயைத் திறந்தேன். நீர் என் கையைப் பிடித்து அமுக்கினீர்.

"அதுக்கென்ன, விட்டுட்டுப் போங்க. ஆனா நீங்க கொடுத்த தவிட்ட நான் திருப்பித் தரணும்லா. அப்பத்தான உறவு அறும். அது எருமை வயித்துல போயிட்டே. நான் எங்க போவேன்?" என்றீர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவர் சிரித்தார். "என்ன சார், கடையில ஒரு படி வாங்கிக்கிடலாம்" என்றார்.

"அது வேற தவிடுல்லா?" என்றீர்.

காருக்குள் இருந்த மாமியாருக்கு அதுவரை விஷயமே தெரியாது போலிருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "தவிட்டுக்கா வாங்கினிய? தவிட்டுக்கு வாங்கினதக் கொண்டாந்து விடவா வந்திய? என்னக் கோயிலுக்குன்னுல்லா கூட்டிட்டு வந்திய!" என்று மருமகனைப் பிடித்துக்கொண்டாள். மகளையும் விடவில்லை. "பிள்ள தங்கணும்னு நானே உன்னத் தவிட்டுக்கு வாங்கினவதான். உன்னக் கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தேனாட்டி?" என்று ஒரு போடு போட்டாள். அந்தப் பெண் அழுதேவிட்டாள். சர்வேயர் காரை விட்டு இறங்கவே இல்லை. கடைசியில் மாமியார் தன் சொந்த வீட்டிலேயே அதை வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் காரைத் திருப்பச் சொன்னாள்.

கார் போனபிறகு, "இது என்ன நியாயம் ஓய்? பயங்காட்டில்லா அனுப்பியிருக்கீரு" என்றேன்.

"நியாயம் இல்லதான். ஆனா நாய் வண்டியில திரும்பிப் போயிட்டுல்லா" என்றீர். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் எருமையே திரும்பிப் பார்த்தது.

அந்தச் சிரிப்பெல்லாம் எப்போதோ ஒருநாள்தான். மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். வருகிறவர்கள் என்னென்ன கேட்டார்கள்! சிப்பிப்பாறை இருக்கா? லேப் இருக்கா? ஒன்றும் இல்லையென்றால், வெள்ளையாக ஒரு குட்டி? பெட்டை நாய் என்றதும் முகம் சுருங்கிவிடும். குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று, இனிக் குட்டி போடாது என்று சொன்னால், அந்த அடையாளத்துக்குக் காதில் வெட்டியிருப்பதைப் பார்த்து, "காது பிஞ்ச நாயா?" என்பார்கள். சிலர் குனிந்து நகத்தை எண்ணுவார்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வீட்டுக்கு ஆகாதாம். வளர்ந்த நாய் ஒட்டாது என்பதுதான் எல்லோரும் சொல்கிற பாட்டு. ஒட்டுகிறதா இல்லையா என்று தலையாரியைப் போய்க் கேட்கச் சொல்லும். எடுத்துக்கொண்டு போன மூன்றாம் நாளே அந்த அரிசி மில்காரர் குளிக்கப் போனால் வெளியே உட்கார்ந்து ஊளையிட்ட நாய் அது.

"உம்ம வீட்டுல ஒண்ணு வச்சுக்கிட வேண்டியதுதான பாய்?" என்று என்னையும் கேட்டார்கள். என் வீட்டைத்தான் உமக்குத் தெரியுமே. மேலப்பாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டின வீடு. வாசலைத் திறந்தால் ரோடு. முற்றம் என்று ஒரு சாண் இடம் கிடையாது. என்னைப் பெற்ற உம்மா தொழுகிற பாயை விரித்தால் நடக்க வழி இருக்காது. அதோடு, வீட்டுக்குள் நாயை வைத்துக்கொள்வது எங்களுக்கு வழக்கமில்லை. நீர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. பூனைகளை மட்டும் என் தலையில் கட்டினீர். அதில் ஒன்று இப்போது என் பக்கத்தில்தான் இந்தத் தாளின் மேல் வாலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது.

தாசில்தாரம்மா வந்த கதையை நீர் எல்லோரிடமும் சொல்லுவீர். ஆற்று வெள்ளம் ஜங்ஷனுக்குள் ஏறி வந்த அந்த மார்கழி. தண்ணீர் வடியத் தொடங்கியதும் நாம் ஆற்றங்கரைத் தெருக்களில் இடுப்பளவு சகதியில் நடந்தோம். ஒரு வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது அந்தப் பெட்டை நாய். கழுத்துச் சங்கிலி தண்ணீருக்குள் எங்கேயோ போய் இழுத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடும்போது அவிழ்த்துவிட மறந்திருக்கிறார்கள். அந்த நிலையிலும் அது கத்தவில்லை. கழுத்தை நிமிர்த்தி ஊரையெல்லாம் ஒரு பார்வை பார்த்தது.

"வெள்ளச் சேதத்தப் பார்வையிட தாசில்தாரம்மா வந்திருக்காங்க பாரும்" என்றீர். சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் கையை விட்டுச் சங்கிலியைத் தேடி அவிழ்த்தீர்.

அப்போதே அதற்கு வயசு. நாம் கூப்பிட்டதற்குத் திரும்பாதபோதுதான் காது கேட்காது என்று தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பிறகு ஒருநாள் வந்தார்கள். பார்த்தார்கள். "இது எங்க நாயில்ல" என்றார்கள். அது அவர்களைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் சண்டைக்குப் போனேன். "விடும்வே. அவங்க வீட்டுல சுவரே இல்ல இப்ப. நாய எங்கன கட்டுவாங்க?" என்று நீர் என்னை இழுத்துக்கொண்டு வந்தீர். உமக்கு யார் மேலும் கோபம் வராது. அதையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருந்தது.

ஐப்பசியில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், நாய்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீராம். வயல்காரர்தான் பார்த்தார். அவர் போன் பண்ணி, "பாய், அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். எனக்கு அது புரியவே இல்லை. நான் வந்து சேர்ந்தபோது சோறு அடிப்பிடித்துக் கருகின வாடை அங்கெல்லாம் இருந்தது. உம்மை வீட்டுக்குக் கொண்டுபோனபிறகு நான் அங்கேயே நின்று மறுபடி உலை வைத்தேன். நாய்கள் பசியாகக் கிடந்தன, வேறென்ன செய்வது? உம்மைக் கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் கூடியிருந்த நேரத்தில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உமக்கு அது பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உம்முடைய மகன் காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் என்னைப் பார்க்க வந்தான். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். "மாமா, அம்மாவ என்கூடக் கூட்டிட்டுப் போறேன். அவங்கள ஒத்தையில விட முடியாது. அந்த எடத்தக் கொடுத்துத்தான் ஆகணும். அப்பாவுக்குத் தெரிஞ்சா..." என்றான். நல்ல பிள்ளை. உம்மைப்போல் அவனுக்கும் கண் சட்டென்று கலங்கிவிடுகிறது. "பங்குனி முடியுத வரைக்கும் இருக்கட்டும் மாமா. அதுக்குள்ள எல்லாத்துக்கும் ஒரு வழி பண்ணிருவீங்கள்லா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓய், அந்தப் பங்குனிவரை நான் பட்ட பாடு இருக்கிறதே! மேலப்பாளையத்திலிருந்து ஜங்ஷன், ஜங்ஷனிலிருந்து இன்னொரு பஸ், இறங்கி வெயிலில் ஒரு நடை. முட்டி வலி. வழியில் பார்க்கிறவரையெல்லாம் பிடித்து நிறுத்தினேன். டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், ரேஷன் கடை வரிசையில். பள்ளிவாசல் வாசலிலும் இரண்டு பேரைப் பிடித்தேன். அவர்கள் பூனை இருந்தால் தாங்க என்றார்கள். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்று போகிறவர்கள் அதன்பிறகு என் போனை எடுப்பதில்லை. என்னைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிறவர்களும் உண்டு. தவிடு கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. வயல்காரர் எருமையையும் விற்றுவிட்டார். ஒவ்வொன்றாகப் போயின. ஆர்.ஐ. ஓர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனது. டபேதாரை ஒரு பெண்கள் விடுதிச் சமையல்காரி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றை அனுப்பும்போதும் கேட்டருகே நின்று கை காட்டுவேன். நாய்க்குக் கை காட்டுகிற கிழவனைப் பார்த்து லாரிக்காரர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு பக்கம் நான் குடத்தைக் கவிழ்த்தால் இன்னொரு பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை கேட்டில் ஒரு சிமெண்டுச் சாக்கு தொங்குகிறது. உள்ளே கண் திறக்காத குட்டிகள். சாக்கைத் தொங்கவிட்டவனுக்கு நாய் கடித்துவிடக் கூடாதே என்று அவ்வளவு அக்கறை! நான் ரோட்டில் நின்று பொதுவாக ஏசினேன். யார் காதிலும் விழவில்லை, போகிற காருக்கெல்லாம் கண்ணாடி ஏற்றியிருந்தது. பிறகு சாக்கைப் பிரித்துக் குட்டிகளை வெயிலில் வைத்தேன். ஒன்று முந்தியே போய்விட்டிருந்தது. மற்றவற்றுக்குப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தேன். தாசில்தாரம்மா மெதுவாக எழுந்து வந்து மோந்து பார்த்துவிட்டு, அவற்றைச் சுற்றி வளைத்துப் படுத்துக்கொண்டாள். அவள் மடியில் பால் இல்லை, சூடு இருந்தது. ஒரு மாதத்தில் குட்டிகளுக்கு ஆள் வந்துவிட்டார்கள். குட்டி என்றால் போய்விடும். அழகாக இருக்கிறதென்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தாசில்தாரம்மாவைத்தான் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

கடைசியில் அவளும் நானும்தான் மிச்சம். அந்த இடத்தை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். தாசில்தாரம்மாவைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, விடுதியில் விடமாட்டார்கள் என்று அழுதுவிட்டுப் போனாள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். எடுத்துக்கொள்ளத்தான் வந்தாள், உண்மையாகவே. மாடிக் குடியிருப்புக்காரர்கள் கூட்டம் போட்டு நாய் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மதுரைப் பக்கம் ஒரு காப்பகத்துக்குப் போன் போட்டேன். இடமில்லை, வராந்தாவிலும் கிடக்கின்றன என்றார்கள். அவர்கள் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது. எடுக்கிறவர்கள் எடுத்தால்தானே ஓய், உள்ளே வருகிறதற்கு இடம் இருக்கும்? நாம் என்ன ரப்பரா, இழுத்துக்கொண்டே போக?

வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அவள ரோட்டுல விட்டுட்டு வரவா போறிய?" என்று வீட்டுக்காரி கேட்டாள். ரோட்டில் ஹாரன் அடித்தால் கேட்காத நாய் அது. வீட்டுக்காரி இட்லியை மட்டும் இன்னும் ஒன்று வைத்தாள்.

மறுநாள்தான் அந்தத் திசையன்விளைக்காரர் வந்தார். நயினார்குளம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் லோடு இறக்கிவிட்டு, டீக்கடையில் நான் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு, குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். என் வயசு இருக்கும். சட்டையில் செம்மண்.

"பாய், முருங்கத் தோட்டத்துக்குக் காவலுக்கு ஒரு நாய் வேணும். மோட்டார் வயர அறுத்துட்டுப் போயிருதானுவ. எளசா, ஆம்பள நாயா, நல்லாக் கொரைக்கணும்" என்றார்.

முன்னேயென்றால் நான் கதை அளந்திருப்பேன். வெள்ளத்தையே தாண்டி வந்த நாய், திருடனைக் கண்டால் விடாது என்று ஏற்றிவிட்டிருப்பேன். அன்றைக்கு எனக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"அண்ணாச்சி, இது ஒண்ணுதான் மிச்சம். கெழவி. காது கேக்காது. பல்லு பாதி இல்ல. சோத்தக் கொழச்சுத்தான் வைக்கணும். திருடன் தாண்டிப் போனாலும் எந்திரிக்காது. எத்தன நாளு இருக்கும்னும் தெரியாது. உங்களுக்கு ஆகாது. போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் போகவில்லை. "யாரும் கேக்கலியா?" என்றார்.

"இல்ல."

"இந்த எடம்?"

"நாளைக்குக் கொடுக்கணும்."

"அப்ப இத என்ன செய்விய?"

இத்தனை மாதமும் நான் என்னையே கேட்டுக்கொள்ளாமல் தள்ளிப்போட்ட கேள்வி அது. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். காதைப் புரட்டிப் பார்த்து ஓர் உண்ணியைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கினார். அவள் கண்ணைத் திறந்தாள். அவர் கையை மோந்தாள். மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"எம் பொண்டாட்டி ஏசுவா. ஏசட்டும்" என்றார். "காவலுக்கு நான் இருக்கேன்லா பாய். இது அங்கன சும்மா கெடக்கட்டும்."

அவளை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கி வண்டியில் வைத்தோம். காலிச் சாக்குகளை அவளுக்கு மெத்தையாகப் போட்டார். வண்டி கிளம்பியதும் நான் கை காட்டினேன். அவள் பார்க்கவில்லை. தூங்கிவிட்டாள். நான் கேட்டைப் பூட்டிவிட்டு, ஒரு மனிதனும் இல்லாத அந்த இடத்தில் நின்று, ஓய், உம்முடைய பேரைச் சொல்லிக் கத்தி அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

சாவியை உம்முடைய மகனிடம் கொடுத்தாயிற்று. பலகையைக் கழற்றி வயல்காரர் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்துக்கொண்டார். அலுப்பு மட்டும் போகவில்லை. போனும் நிற்கவில்லை. எங்கேயாவது ஒன்று அடிபட்டுக் கிடக்கும், என் நம்பரை யாராவது கொடுத்திருப்பார்கள். காப்பகம் மூடியாச்சு என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பிறகு எங்கே, எந்தக் கால், ரத்தம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நாய்க்குட்டி விலைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களிடம், விலைக்கு எதற்கு, காப்பகங்களில் போய்ப் பாருங்க, வளர்ந்ததாகப் பார்த்து எடுங்க, யாரும் எடுக்காததை எடுங்க என்று சொல்கிறேன். நூறு பேரில் ஒருவர் கேட்பாராயிருக்கும். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் திசையன்விளைக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் பஸ் ஏறி, இறங்கி, விசாரித்து, அந்தச் செம்மண்ணில் நடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவள் இருக்கிறாளோ, போய்விட்டாளோ என்று வழியெல்லாம் பயம். மோட்டார் ரூம் நிழலில், நனைத்துப் போட்ட சாக்கின் மேல் நீட்டிப் படுத்திருந்தாள். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அவர் உட்கார்ந்து ஒரு பனையோலையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து குழைத்த சோற்றுச் சட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் அந்த பாயா? நல்லாக் கொடுத்திய போங்க! காவலுக்கு நாய் வாங்கப் போனவரு, இப்ப நாய்க்குல்லா காவல் இருக்காரு!" என்று தோட்டமே அதிரச் சத்தம் போட்டாள்.

"ஏட்டி, பைய பேசு" என்றார் அவர். "தூங்குதுல்லா."

இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. அது அவருக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சட்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். "காப்பி குடிக்கியளா பாய்?" என்று என் காதருகே வந்து கிசுகிசுத்தாள். நானும், "கொடும்மா" என்று கிசுகிசுத்தேன். பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை என் குரல் எனக்குத் திரும்பவில்லை, ஓய்.